அந்தப் பொம்பளை மேல கேஸ் போட முடியுமா சார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வக்கீல் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கிப் பரீட்சை எழுதி உள்ளே வந்தவன். இருபது வருடத்துக்கு மேலாக டெபிட், கிரெடிட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் செக் திரும்பினால் 138, கடன் திரும்பாவிட்டால் சர்ஃபேசி. அப்படிப்பட்டவன் புருஷன் பெண்டாட்டி விவகாரத்தைப் பற்றி எழுத வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனேக்கல் தெரியாதவர்களுக்கு: பெங்களூரு நகர மாவட்டத்தின் தெற்குக் கோடித் தாலுகா. ஒரு பக்கம் பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகள். இன்னொரு பக்கம் அத்திப்பள்ளி தாண்டினால் நம்ம ஓசூர். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று வேலைக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். நான் இன்னும் கொஞ்சம் தெற்கே, விருதுநகர் பக்கம். ராத்திரி பஸ் ஏறினால் விடிந்துதான் ஊர். கவுன்ட்டரில் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பேசுகிறவரிடம் "சொல்லுங்கம்மா, தமிழா?" என்று கேட்டால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வது பாஸ்புக் விஷயமாக மட்டும் இருக்காது.

அப்படி வந்தவர்தான் இந்தத் தங்கச்சி. (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தர்மபுரிப் பக்கம். கல்யாணமாகிப் பதினோரு வருடம், இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேலை. கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணோடு பழக்கமாகி, வீட்டுக்கு வருவது குறைந்து, கடைசியில் வேறு வீடே பிடித்துவிட்டார். பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"அந்தப் பொம்பளை மேல கேஸ் போட முடியுமா சார்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிப் பாருங்கம்மா." பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதுவும் மாதத்தின் முதல் வாரம். நல்லவிதமாக அனுப்பிவைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மூன்று மாதம் அலைந்தார். ஸ்டேஷன், அந்தப் பெண் வேலை பார்க்கும் கம்பெனி வாசல், அவள் குடியிருந்த தெரு, அவள் சொந்தக்காரர்கள் வீடு. ஸ்டேஷனில், "இதுக்கெல்லாம் இப்ப செக்‌ஷன் இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் கணவர் செய்த வேலை வேறு. இரண்டு பேர் பெயரிலும் இருந்த சேமிப்புக் கணக்கை ஏ.டி.எம்.மில் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துவிட்டார். மறுபடி என்னிடம் வந்தபோது மீதி இருந்தது 2,140 ரூபாய்.

முதல் நாளே நான் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, "இனிமேல் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மட்டுமே பணம் கொடுக்கவும்" என்று எழுதி வாங்கியிருக்கலாம். ஜாயின்ட் அக்கவுன்ட்டில் அதற்கு வழி இருக்கிறது. அது என் தொழில். தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல், தெரியாத விஷயத்துக்கு வழி காட்டினேன். அந்த உறுத்தலில்தான் கொஞ்சம் படித்தேன், ஆனேக்கல் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்யும் ஒரு நண்பரிடம் டீ வாங்கிக் கொடுத்து நிறையக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெயிலில் போட முடியுமா?

முடியாது. இதைத்தான் நிறையப் பேர் நம்ப மறுக்கிறார்கள்.

1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் 497 என்று ஒரு பிரிவு இருந்தது. அடுத்தவன் மனைவியோடு உறவு வைத்துக்கொண்ட ஆணுக்கு ஐந்து வருடம் வரை தண்டனை. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசஃப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. 1985-இல் இதே பிரிவு செல்லும் என்று சொன்ன அமர்வில் இருந்தவர் அன்றைய தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட். 2018-இல் செல்லாது என்று சொன்ன ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். காலம் மாறியதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இந்தக் குற்றம் இல்லை. ஆண், பெண் இருவருக்கும் பொதுவாக மறுபடி கொண்டுவரலாம் என்று 2023 நவம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரை செய்தது. அரசு ஏற்கவில்லை.

"அய்யோ, நல்ல சட்டத்தை எடுத்துட்டாங்களே" என்று அங்கலாய்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் புகார் கொடுக்கும் உரிமை கணவனுக்கு மட்டும்தான். துரோகம் செய்த கணவன் மேலோ, அவனோடு சேர்ந்த பெண் மேலோ மனைவி புகார் கொடுக்கவே முடியாது. அந்தக் கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை! வயலில் அடுத்தவன் மாடு மேய்ந்தால் வயல்காரன் கேட்பான் இல்லையா, அந்தக் கணக்குதான். மனைவி வயல். நம்ம தங்கச்சி 2018-க்கு முன்னால் வந்து கேட்டிருந்தாலும் அந்தப் பிரிவு அவருக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்பட்டிருக்காது. போனது நல்லதுதான் என்பது என் கட்சி.

"சரி, வரதட்சிணைக் கொடுமைச் சட்டத்தில் அவளையும் சேர்த்துவிடலாமே?" 498ஏ பற்றித்தான் கேட்கிறார்கள். அதுவும் நடக்காது. கணவனும் கணவனின் உறவினர்களும்தான் அதில் வருவார்கள். கணவனோடு தொடர்பு வைத்திருக்கும் பெண் அவனுடைய "உறவினர்" ஆகமாட்டாள் என்று, தமிழ்நாட்டிலிருந்து போன சுவேதா வழக்கில் 2009-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

கிரிமினல் பக்கம் மிச்சம் இருப்பது இவ்வளவுதான். முதல் கல்யாணம் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் குற்றம். பழைய 494, இப்போது பி.என்.எஸ். 82, ஏழு வருடம் வரை. ஆனால் கல்யாணம் முறைப்படி நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருக்கிறார்கள் என்பது போதாது. அதனால்தான் விவரமானவர்கள் தாலி கட்டுவதே இல்லை! இன்னொன்று, திருமணமான பெண்ணைக் கெட்ட நோக்கத்தோடு ஆசைகாட்டி அழைத்துப்போவது. பி.என்.எஸ். 84, இரண்டு வருடம் வரை. இதிலும் பழைய வயல் கணக்குத்தான். மனைவியை அழைத்துப்போனால் குற்றம், கணவனை அழைத்துப்போனால் இல்லை.

நஷ்டஈடு கேட்க முடியுமா?

இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இதில் நம்ம பெங்களூரு வழக்கு ஒன்று முக்கியமானது.

இந்திரா சர்மா எதிர் வி.கே.வி. சர்மா. ஒரே கம்பெனியில் வேலை பார்த்த இருவர். அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்று தெரிந்தே அந்தப் பெண் 1992-இல் அவரோடு வாழத் தொடங்கினார். பல வருடம் கழித்து அவர் விட்டுவிட்டுப் போனபோது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பெங்களூரு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டார். மாதம் 18,000 ரூபாய் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மேல்முறையீட்டிலும் நின்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2013 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம், இது "திருமணம் போன்ற உறவு" இல்லை, எனவே இந்தச் சட்டம் இவருக்குப் பொருந்தாது என்று முடித்தது.

நமக்குத் தேவையானது அந்தத் தீர்ப்பில் போகிற போக்கில் வரும் ஒரு விஷயம். இவருக்குப் பணம் கொடுக்கச் சொன்னால் அது சட்டப்படியான மனைவி, பிள்ளைகளின் பங்கிலிருந்துதான் போகும். அவர்களோ, தங்கள் கணவனின், தந்தையின் அன்பைத் திருப்பிவிட்டதற்காக இந்தப் பெண் மேலேயே வழக்குப் போடும் உரிமை உள்ளவர்கள் என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதே 2013 செப்டம்பரில் குஜராத்திலிருந்து வந்த பினாகின் ராவல் வழக்கிலும் இதைத் தொட்டார்கள். வெளியாள் ஒருவர் வேண்டுமென்றே தலையிட்டுக் கணவன் மனைவியைப் பிரித்தார் என்று நிரூபித்தால் அது நஷ்டஈட்டுக்குரிய சிவில் தவறு என்றார்கள். ஆனால் கவனியுங்கள், அந்த வெளியாள் தானாக முயற்சி எடுத்திருக்க வேண்டும், தூண்டியிருக்க வேண்டும். சும்மா பழகினார் என்பது போதாது. அந்த வழக்கில் அது நிரூபணமாகவில்லை.

பிறகு 2025 செப்டம்பரில் டில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மனைவி, கணவனின் வாழ்க்கையில் வந்த பெண் மேல் நேரடியாகவே நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். இது குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது, தள்ளுபடி செய்யுங்கள் என்றது எதிர்த்தரப்பு. இல்லை, சிவில் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று சொல்லி நீதிபதி சம்மன் அனுப்பினார். வழக்கில் ஜெயித்தார் என்று அர்த்தம் இல்லை. கதவு திறந்தது என்று மட்டும் அர்த்தம்.

வெளிநாட்டில் இருக்கும் நம்ம ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் இந்த மாதிரி வழக்குகளை 1970-லேயே ஒழித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் போய்விட்டது. நார்த் கரோலினா, மிசிசிப்பி, யூட்டா போன்ற ஒருசில இடங்களில் இன்னும் இருக்கிறது. மலேசியாவில் விவாகரத்து மனுவிலேயே மூன்றாம் நபரிடம் நஷ்டஈடு கேட்கச் சட்டப்பிரிவு உண்டு. நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அதுவும் கணவனுக்கு மட்டும்தான்! 2001-இல் எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு இந்தியாவில் இதற்கென்று எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. தீர்ப்புகளின் தோளில் நிற்கிற உரிமை. கேட்கிற தொகைக்கு ஏற்பக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். வருடக்கணக்கில் நடக்கும். பிறகு ஜெயித்தாலும் அந்த மூன்றாம் நபரிடம் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். டிக்ரி வாங்குவது வேறு, வசூல் செய்வது வேறு. இதை ஒரு பேங்க்காரனைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

என் கருத்து

எங்கள் பாஷையில் சொல்கிறேன். ஒருவர் கடன் வாங்குகிறார், பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். கட்டவில்லை. ஏன் கட்டவில்லை என்று விசாரித்தால், பக்கத்து வீட்டுக்காரன் அவரைச் சீட்டாட்டத்துக்கு இழுத்துவிட்டான் என்று தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரன் மேல் எனக்குக் கோபம் வரலாம். ஆனால் நோட்டீஸ் யாருக்குப் போகும்? கையெழுத்துப் போட்டவருக்குத்தான்.

கல்யாணத்திலும் கையெழுத்துப் போட்டவர் இரண்டு பேர். மூன்றாம் நபர் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் உங்கள் கணவர், அல்லது உங்கள் மனைவி. நம்ம ஊரில் என்ன நடக்கிறது? "அவ மயக்கிட்டா", "அவன் கெடுத்துட்டான்" என்று மூன்றாம் ஆளைத் திட்டித் தீர்ப்பதில் வீட்டு ஆளுக்கு ஒரு மன்னிப்பு ஒளிந்திருக்கிறது. அவரை இன்னும் நல்லவராகவே வைத்துக்கொள்ள ஆசை. புரிகிறது, மனசு அப்படித்தான். ஆனால் அந்த ஆசைக்காக மூன்று மாதம் தெருத்தெருவாக அலைந்தால், அந்த மூன்று மாதத்தில் கணக்குக் காலி.

சட்டத்தால் எந்த மனுஷனையும் மனசோடு வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சேர்ந்து வாழச் சொல்லி மனுப் போட இந்து திருமணச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு இருக்கிறது. உத்தரவும் கிடைக்கலாம். ஆனால் போலீஸ் பந்தோபஸ்தோடு யாரையும் வீட்டில் உட்கார வைக்க முடியாது. சட்டம் கொடுக்கக்கூடியது கூரை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, வேண்டாம் என்றால் வெளியே வர ஒரு வழி. கொடுக்கக்கூடியதைக் கேட்போம். நஷ்டஈட்டு வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வசதியும் ஆதாரமும் இருப்பவர்கள் போடட்டும், நாளைக்கு நல்ல தீர்ப்பு வந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அது கடைசிக் கதவாக இருக்கட்டும்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

1. கணக்கு வழக்கு. ஜாயின்ட் அக்கவுன்ட் என்றால் அன்றைக்கே கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். ஜாயின்ட் டெபாசிட் ரசீதுகளின் நம்பரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடனில் நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் கட்டாவிட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான். சிபில் கெடுவது உங்களுக்கும்தான். மறந்துவிடாதீர்கள்.

2. பெண்களுக்கு 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடித்தால்தான் வன்முறை என்று நினைக்க வேண்டாம். வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் விடுவதும் அதில் வன்முறைதான். குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு கேட்கலாம். 18-ஆம் பிரிவில், அவர் தன் தனிப்பெயரில் வைத்திருக்கும் கணக்கையும் லாக்கரையும்கூட இயக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் தடை போட முடியும். அந்த உத்தரவு வந்தால் நாங்கள் நிறுத்திவைத்தே ஆக வேண்டும். உத்தரவு இல்லாமல் கேட்டால், கணவரின் தனிக் கணக்கு விவரத்தை மனைவிக்குக்கூட நாங்கள் சொல்லக் கூடாது. கோபப்படாதீர்கள்.

3. ஜீவனாம்சம். "எனக்குச் சம்பளமே இல்லை" என்று கை விரிக்கிறவர்கள் உண்டு. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில், இருவருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவைத் தள்ளிப்போடுவது எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். இந்து திருமணச் சட்டத்தில் வருமானம் இல்லாத கணவனும் கேட்கலாம். அதே சமயம், பி.என்.எஸ்.எஸ். 144-இன் கீழ் கேட்கும் மனைவி வேறு உறவில் வாழ்கிறார் என்று நிரூபணமானால் அதில் ஜீவனாம்சம் கிடைக்காது.

4. விவாகரத்து. தகாத உறவு இப்போது குற்றம் இல்லையே தவிர, விவாகரத்துக்குக் காரணமாக அப்படியே இருக்கிறது. கணவன், மனைவி இருவருக்கும் சமமாக.

5. நகை. பெண்ணுக்குப் போட்டது பெண்ணுக்கே முழுச்சொந்தம். 2024 ஏப்ரலில்கூட உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது.

6. பி.எஃப். குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே யாரையாவது நாமினியாகப் போட்டால் அது செல்லாது. அந்தக் கவலையை விடுங்கள்.

வெளியூரில் இருக்கும் நமக்கு மட்டும்

கல்யாணம் நடந்தது தர்மபுரியில், குடித்தனம் ஆனேக்கலில், சண்டை வந்ததும் மனைவி போவது அம்மா வீட்டுக்கு. எந்தக் கோர்ட்? இது ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் நிஜமான தலைவலி.

மனைவி தான் இப்போது வசிக்கும் ஊரிலேயே விவாகரத்து மனுப் போடலாம். 2003-இல் கொண்டுவந்த திருத்தம். குடும்ப வன்முறை மனுவைத் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம். கொடுமை தாங்காமல் வந்து அடைக்கலமான ஊரிலேயே 498ஏ புகாரும் கொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பு வந்தது. கணவர் முந்திக்கொண்டு பெங்களூரில் வழக்குப் போட்டுவிட்டால், அதைத் தமிழ்நாட்டுக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தில்தான் மனுப் போட வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் என்பதால். வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் போதும். பெண்கள் உதவிக்கு 181.

மூன்றாம் ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தால்?

இதையும் சொல்லாவிட்டால் பதிவு பாதிதான். மூன்றாம் ஆள் என்றதும் எல்லோருக்கும் ஆபீஸ் காதல்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் நான் பார்த்தவரை பாதிக் குடும்பங்களில் மூன்றாம் ஆள் அம்மா, அக்கா, மச்சான். ஊரில் இருந்தபோது நேரில் வந்து பேசி, மூக்கைச் சிந்தி, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது வீடியோ காலில் தினமும் ராத்திரி பஞ்சாயத்து. ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கூத்தாடி வேண்டியதில்லை, டேட்டா பேக் போதும். மாமியார், நாத்தனார் என்று கூட வாழும் உறவினர்கள் மேலும் குடும்ப வன்முறைச் சட்டத்தில் தடை உத்தரவு கேட்கலாம். ஆனால் இந்த வகை மூன்றாம் ஆளுக்குக் கோர்ட்டைவிட நல்ல மருந்து ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் ஒருநாள் போனை அணைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்வது. எங்கள் வீட்டுத் தங்கமணி கண்டுபிடித்த மருந்து. பலன் உண்டு, பக்கவிளைவு எனக்கு மட்டும்.

குடும்ப நீதிமன்றமும் முதலில் சமரசத்துக்குத்தான் முயற்சி செய்ய வேண்டும் என்று 1984-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. "கோர்ட்டுக்குப் போனால் எல்லாம் முடிந்தது" என்று நினைக்க வேண்டாம். சில சமயம் ஊரில் கிடைக்காத நடுநிலையான பெரியவர் அங்கே கிடைப்பார்.

செய்யக் கூடாதவை

போனில் உளவு ஆப் போடுவது, மூன்றாம் ஆளின் போட்டோவை வாட்ஸப் குரூப்பில் போடுவது, அவர் வேலை பார்க்கும் இடத்தில் போய்க் கத்துவது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்கிற கதை. வழக்கு உங்கள் மேல் திரும்பும். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மூன்றாம் நபரின் செல்போன் டவர் விவரம் வேண்டும் என்று ஒரு கணவர் கேட்டபோது, அது அந்த நபரின் அந்தரங்க உரிமையில் கை வைப்பது என்று 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைகளைச் சாட்சியாக்காதீர்கள். மனைவி மேல் சந்தேகம் என்பதற்காகக் குழந்தைக்கு டி.என்.ஏ. சோதனை கேட்பதைச் சர்வ சாதாரணமாக அனுமதிக்க முடியாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சட்டம் மட்டும் இல்லை, தர்மம்.

கடைசியாக

அந்தத் தங்கச்சி மூன்றாவது முறை வந்தபோது நான் சீட்டிலிருந்து எழுந்து வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். வக்கீல் நண்பரிடம் அனுப்பினேன். தர்மபுரியில் அம்மா வீட்டிலிருந்தே மனுப் போட்டார். இடைக்கால உத்தரவில் பிள்ளைகளுக்கும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய். கணவர் திரும்பி வரவில்லை. வருவாரா என்று தெரியாது. அந்த 12,000-ம் சில மாதம் தாமதமாகத்தான் வருகிறது. பெரிய வெற்றி என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

போன மாதம் தன் தனிப்பெயரில் கணக்குத் தொடங்க வந்தார். படிவத்தில் நாமினி என்ற இடத்தில் பெரிய பிள்ளையின் பெயரை எழுதினார். மைனர் என்பதால் கார்டியன் பெயர் வேண்டும் என்றேன். தன் அம்மாவின் பெயரை எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "அண்ணா, இதுல வேற யாரும் எடுக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

முடியாதும்மா என்றேன். இந்த ஒரு கேள்விக்காவது எனக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது.

டிஸ்கி: இது பொதுவாகத் தெரிந்துகொள்ள எழுதியது. ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் வேறு. உங்கள் விஷயத்துக்கு ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். ஆனால் வக்கீலிடம் போவதற்கு முன்னால் பாஸ்புக்கை ஒருமுறை பிரிண்ட் போட்டுவிடுங்கள்.